ஆறு குறியீடுகளுக்குள் அடங்காத அய்யாவழி

புது தில்லி: ஆண்டுதோறும் மாசி மாதம் 19-ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு வாகனப் பேரணி புறப்படுகிறது. கார்கள், வேன்கள், இரு சக்கர வாகனங்கள் என நீளும் அந்த வரிசையின் முன்னே காவிக் கொடி. கொடியின் நடுவே வெள்ளைத் திருநாமம். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக வந்து களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கிறது பேரணி. நெய்யாற்றுப் பக்கத்தில் ஒற்றசேகரமங்கலம் போன்ற உட்கிராமங்களில் இருந்து தெற்கே வருபவர்களுக்கும் இதுதான் வழி. அதே நாளில் திருச்செந்தூரில் இருந்து இன்னொரு பேரணி புறப்படும். இரண்டும் நாகர்கோவிலில் கூடி, மறுநாள் காலை அங்கிருந்து சாமிதோப்புக்கு ஊர்வலம் செல்லும். மாசி 20, அய்யா வைகுண்டரின் அவதார நாள்.

இந்தக் குடும்பங்கள் தங்களை அய்யாவழி மக்கள் என்று அழைத்துக்கொள்கின்றன. ஒருவரை ஒருவர் காணும்போது சொல்லும் வாழ்த்து "அய்யா உண்டு". ஆனால் இந்திய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பயன்படத்தக்க விடை கிடையாது. மத வாரியான பட்டியலில் இவர்களுக்கென்று ஒரு வரிசை இல்லை. கடந்த கணக்கெடுப்புகளில் இவர்களுள் மிகப் பெரும்பாலோர் "இந்து" என்ற முதல் குறியீட்டுக்குள் சென்று மறைந்தனர்.

2025 ஜூன் 16 அன்று வெளியான மத்திய அரசின் அறிவிக்கையின்படி, அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். மாசி 20 அதற்கு மூன்றே நாள் பிந்தி வருகிறது. 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் எண்ணப்படவிருக்கும் கணக்கெடுப்பு இது. சாதி பற்றித் தலைநகரில் நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட மதக் கேள்வியைப் பற்றி நடக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதப்படுகிறது என்பதில்தான் தென்கோடியின் இந்தச் சமூகத்துக்குச் சிக்கல் இருக்கிறது.

கைதியாகச் சென்ற சாலை

திருவனந்தபுரம் - கன்னியாகுமரி சாலைக்குத் தேசிய நெடுஞ்சாலை எண் மாறிக்கொண்டே இருக்கிறது. முன்பு 47; இப்போது 66. கோவளத்தில் தங்கிவிட்டுக் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கப் புறப்படும் வடநாட்டுக் குடும்பங்கள் பத்மநாபபுரம் அரண்மனையில் வண்டியை நிறுத்துவார்கள், சுசீந்திரத்தில் நிறுத்துவார்கள். வழிநெடுகச் சிற்றூர்களில் ஓட்டுக் கூரையுடனோ காங்கிரீட் கூரையுடனோ நிற்கும் நிழல் தாங்கல்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கோபுரம் இல்லை, உள்ளே சிலையும் இல்லை. ஒரு கொடிமரமும் திருநாமமும் இருக்கும். தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

இதே சாலையில்தான் 1838-ஐ ஒட்டி வைகுண்டர் கைதியாகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள். கர்நாடக இசை உலகம் போற்றும் அதே மன்னர்தான். சிங்காரத்தோப்பில் 110 நாள்கள் வைகுண்டர் சிறை வைக்கப்பட்டார் என்பது அய்யாவழி மரபு. விடுதலையாகி அவர் திரும்பி வந்ததை நினைவுகூர்வதே திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும் பேரணி. திருச்செந்தூர்ப் பேரணிக்கு வேறு காரணம். 1833-இல் நோயுற்ற நிலையில் திருச்செந்தூர்க் கடலில் இறங்கிய முத்துக்குட்டி என்ற 24 வயது இளைஞர் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அவர்களது நம்பிக்கை.

முத்துக்குட்டி 1809-இல் பிறந்தவர். பெற்றோர் முதலில் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடியும் சூடலும் எதற்கு என்று மேல்சாதியினர் எதிர்த்ததால் பெயர் மாற்றப்பட்டது எனச் சொல்லப்படுகிறது. ஒரு குழந்தையின் பெயருக்கே இந்த நிலை என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய தென் திருவிதாங்கூரில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லக் கூடாது. மார்பை மறைக்கக் கூடாது. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாத வேலை வேறு.

தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு குறிப்பிடுவது இந்த மண்ணில் நடந்ததே. கிறிஸ்தவராக மாறிய பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று கர்னல் மன்றோ 1813-இல் அனுமதித்தார். அங்கிருந்து 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிக்கை வரும் வரை மூன்று அலைகளாக மோதல் நீடித்தது. அந்த அறிக்கைகூட சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் கொடுத்த நெருக்கடியால் பிறந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற வாசகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த வரலாறு தலைநகரின் அரசியலுக்குள் ஒருமுறை நுழைந்து வெளியேறிய கதையும் உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடை பற்றிய பாடத்தில் இந்தப் போராட்டம் இடம்பெற்றிருந்தது. நாடார்களை வெளியிலிருந்து குடியேறியவர்களாகச் சித்திரித்த வரிகளைத் தமிழகக் கட்சிகள் 2012-இல் கண்டித்தன. முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தவறான வரிகளைத் திருத்தச் சொல்லிக் கேட்டது ஒன்று, நடந்தது வேறு. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியையே தேர்விலிருந்து நீக்கியது. 2019-இல் பாடமே புத்தகத்திலிருந்து போய்விட்டது.

கண்ணாடியும் தலைப்பாகையும்

சாமிதோப்புத் தலைமைப்பதி, நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே பிரதான சாலையிலிருந்து விலகி இருக்கிறது. அங்கே முதன்முறை செல்லும் குடும்பத்தினர் வாசலில் சற்றுத் தயங்குவார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது கேரளக் கோயில்களுக்குப் போய்வந்தவர்களுக்குப் பழகிய விதி. ஆனால் இங்கே அதோடு நிற்பதில்லை. கையில் உள்ள துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் உள்ளே செல்ல வேண்டும். மற்றக் கோயில்களில் தலையில் துணியோடு நின்றால் அவமரியாதை. இங்கே தலைப்பாகை இல்லாவிட்டால் அனுமதி இல்லை. யாருக்குத் தலைப்பாகை மறுக்கப்பட்டதோ அவர்கள் இறைவன் முன் முடிசூடியவர்களாக நிற்க வேண்டும் என்று வைகுண்டர் வைத்த விதி அது. அரசாணைகளால் பல பத்தாண்டுகள் ஆகியும் சாதிக்க முடியாததை ஒரு முழத் துண்டு சாதித்திருக்கிறது.

பள்ளியறையில் சிலைக்குப் பதிலாக நிலைக்கண்ணாடி. அதன் முன் விளக்குகள். வணங்க நிற்பவர் கண்ணாடியில் தம்மையே காண்கிறார். கற்பூர ஆரத்தி இல்லை, பலி இல்லை, பிராமண அர்ச்சகர் இல்லை. நடக்கும் வழிபாட்டுக்குப் பூசை என்று பெயரில்லை, பணிவிடை என்கிறார்கள். புருவ நடுவிலிருந்து நெற்றி மேல் நோக்கித் தீச்சுடர்போல வெண்மண் திருநாமம் இடப்படுகிறது. சாமிதோப்பில் உள்ள முத்திரிக் கிணறு எல்லாச் சாதியினரும் ஒரே நீரில் குளிக்க, ஒரே நீரை அருந்த வைகுண்டர் ஏற்படுத்தியது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று. கிணறு அதற்கு ஒரு நூற்றாண்டு மூத்தது.

இந்த மரபில் உலகைவிட்டு ஒதுங்கி வாழ்ந்த காலமும் இருக்கிறது. சிறையிலிருந்து திரும்பிய வைகுண்டர் 700 குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பித் துவையல் தவம் மேற்கொள்ளச் செய்தார். நாளுக்கு மூன்று வேளை குளியல். மூன்று வேளையும் உடுத்த துணியைத் துவைக்க வேண்டும். புலால் கிடையாது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக, ஊரையும் உறவையும் விட்டு, முதலில் வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் இருந்தனர். அசுத்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தங்களைத் தாங்களே ஒதுக்கிக்கொண்டு, எவரைவிடவும் தூய்மையான வாழ்க்கையை வாழ்ந்து காட்டிய காலம் அது. தவம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கொண்டுசென்ற ஒழுங்கிலிருந்துதான் ஊர்தோறும் இந்தச் சமயம் வேர்விட்டது. அரண்மனைக்கு இது பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. அதே ஊர்களில் பணியாற்றிய லண்டன் மிஷனரிகளுக்கும் பிடிக்கவில்லை. தங்கள் பக்கம் வர வேண்டியவர்கள் முத்துக்குட்டியின் பக்கம் போகிறார்கள் என்ற மனக்குறை அவர்களது 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் தென்படுகிறது.

இவர்களின் வேதநூல் அகிலத்திரட்டு அம்மானை. வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் 1841-இல் ஏட்டில் எழுதியது; அச்சேறியது 1939-இல். திருவிதாங்கூர் மன்னரைக் கலிநீசன் என்றும் வெள்ளையரை வெண்ணீசன் என்றும் அது அழைக்கிறது. இருவரையும் ஒரே மூச்சில் எதிர்த்த நூல் அக்காலத்தில் தென்னகத்தில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதே நூல் நாராயணரே வைகுண்டராக அவதரித்தார் என்றும் கூறுகிறது. இன்றைய வழக்கின் இரு தரப்புக்கும் ஆதாரம் அந்த ஒரே நூலில் கிடைக்கிறது.

யார் சொல்வது இறுதி?

2024 மார்ச்சில் வைகுண்டர் பற்றிய நூல் வெளியீட்டு விழாவில் தமிழக ஆளுநர் ஆர்.என். ரவி, சனாதன தர்மத்தைக் காக்கவே வைகுண்டர் தோன்றினார் என்ற பொருளில் பேசினார். சாமிதோப்பைச் சேர்ந்த பால பிரஜாபதி அடிகளார் அதை மறுத்தார். சனாதனத்தின் பெயரால் மறுக்கப்பட்ட உரிமைகளுக்காக நின்றவரைச் சனாதனத்தின் காவலர் என்பது எப்படி என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். தலைமைப்பதியை இந்து சமய அறநிலையத் துறையின் கீழ்க் கொண்டுவரும் பேச்சு எழுந்தபோதெல்லாம் இதே கேள்விதான் வேறு வடிவில் வந்தது. அறநிலையச் சட்டம் இந்துக் கோயில்களுக்கானது. பதி இந்துக் கோயில்தானா?

இதில் அரசியல் கட்சிகளின் நிலை சுவையானது. சாமிதோப்புக்கு வாக்குக் கேட்டு வராத கட்சி கன்னியாகுமரி மாவட்டத்தில் இல்லை. அவதார நாளுக்கு உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. தலைவர்கள் வாழ்த்து அனுப்புகிறார்கள். தனிச் சமயமாக அங்கீகரிக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கேட்டுக்கொண்டு தலையாட்டுகிறார்கள். தில்லிக்கு விமானம் ஏறியதும் கோரிக்கை கீழே இறங்கிவிடுகிறது.

இவ்வகைக் கோரிக்கைகளை உச்ச நீதிமன்றம் எப்படிப் பார்த்திருக்கிறது என்பதற்கு இரண்டு தீர்ப்புகள் போதும். சுவாமி நாராயண் சத்சங்கிகள் தாங்கள் இந்துக்கள் அல்லர் என்று வழக்குத் தொடுத்தனர். 1966 ஜனவரியில் நீதிபதி கஜேந்திரகட்கர் அதைத் தள்ளுபடி செய்தார். அவர்கள் ஏன் வெளியேற விரும்பினார்கள்? பம்பாய் மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் தங்கள் கோயில்களுக்குப் பொருந்தக் கூடாது என்பதற்காக. அதாவது, தலித்துகளுக்குக் கதவு திறக்காமல் இருப்பதற்காக. அய்யாவழியினர் கேட்பது நேர் எதிர்த் திசையில் இருந்து. கதவைத் திறந்து வைத்த காரணத்தாலேயே தாங்கள் வேறு என்கிறார்கள். சட்டத்தின் தராசில் இரண்டு கோரிக்கைகளும் ஒரே எடையாகத் தோன்றுவதுதான் விசித்திரம்.

இரண்டாவது, தமிழர்களுக்கு அருகில் உள்ள ஆரோவில் வழக்கு. ஆரோவில்லின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்த 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தவர்கள், தங்களுடையது மதப்பிரிவு என்று வாதாடினர். 1982-இல் பெரும்பான்மை நீதிபதிகள் அரவிந்தரின் போதனை தத்துவம்தான், மதம் அல்ல என்றனர். நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும், மதப்பிரிவு என ஏற்கலாம் என்று தனியே எழுதினார். எது மதம் என்பதை நம்புகிறவர் சொல்வதா, நீதிமன்றம் சொல்வதா என்ற கேள்விக்கு அவர் நம்புகிறவர் பக்கம் கொஞ்சம் இடம் விட்டார்.

நாடாளுமன்றமும் அரசும் நினைத்தால் வழி இல்லாமலில்லை. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவுக்கான விளக்கம் சீக்கியர், சமணர், பௌத்தர் ஆகியோரை இந்து என்ற சொல்லுக்குள் சேர்த்தே பேசுகிறது. ஆனால் கணக்கெடுப்பில் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. சமணர்கள் 2014 ஜனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினராகவும் அறிவிக்கப்பட்டனர். லிங்காயத்துகளுக்காக 2018 மார்ச்சில் கர்நாடக அரசு அனுப்பிய பரிந்துரையை மத்திய அரசு ஏற்கவில்லை. ஜார்க்கண்ட் சட்டப்பேரவை 2020 நவம்பர் 11 அன்று சர்னாவுக்குத் தனிக் குறியீடு கேட்டு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கும் தனிக் குறியீடு வந்தபாடில்லை.

சர்னாவின் கதையில் அய்யாவழியினர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2011 கணக்கெடுப்பில் ஆறு பெரிய மதங்களுக்கு வெளியே தங்களைப் பதிந்துகொண்டவர்கள் சுமார் 79 லட்சம் பேர். அவர்களில் 49 லட்சத்து 57 ஆயிரம் பேர் சர்னா என்று எழுதச் செய்தவர்கள். குறியீடு கிடைக்கவில்லை, ஆனால் எண்ணிக்கை கிடைத்துவிட்டது. அந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் ராஞ்சியில் தீர்மானமே வந்தது. இதற்கும் முன்னோடி உண்டு. 1931-இல் பஞ்சாபில் மங்கு ராமின் இயக்கம் வீடு வீடாகச் சென்று பேசி, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தலித்துகளை ஆதி தர்மத்தினர் என்று பதிவு செய்ய வைத்தது.

சான்றிதழின் பயம்

இவ்வளவு தெளிவாக வழி இருந்தும் பாறசாலையிலும் விளவங்கோட்டிலும் ஏன் தயக்கம்? பதில் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது.

இந்த எல்லைப் பகுதியில் ஒரே குலத்தில், சில வேளை ஒரே தறவாட்டில், இந்து, தென்னிந்தியத் திருச்சபை, லத்தீன் கத்தோலிக்கம், அய்யாவழி என நான்கு வழிபாடுகள் இருக்கும். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நாடார் என்ற பதிவு கிறிஸ்தவ நாடாரையும் சேர்த்தே இடம்பெற்றுள்ளது. களியக்காவிளையைத் தாண்டினால் கணக்கு மாறும். கேரள அரசுப் பணி ஒதுக்கீட்டில் இந்து நாடாருக்கு ஒரு சதவீதம், எஸ்.ஐ.யு.சி. நாடாருக்கு ஒரு சதவீதம். வேறு சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவ நாடார்களை இதர பிற்படுத்தப்பட்டோரில் சேர்க்க 2021 தொடக்கத்தில் கேரள அரசு முடிவெடுத்தபோது, மராத்தா தீர்ப்பைச் சுட்டி உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு மீட்டுக்கொடுத்த 105-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அந்த ஆகஸ்டில் பெகாசஸ் அமளிக்கு நடுவே எதிர்ப்பின்றி நிறைவேறியது. அவையில் அன்று எல்லோரும் மராத்தாக்களைப் பற்றியும் ஜாட்டுகளைப் பற்றியும் பேசினார்கள். நெய்யாற்றின்கரையில் அந்தத் திருத்தத்துக்குக் காத்திருந்தவர்களும் உண்டு என்பதை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

ஒரு சபையின் பெயர் ஒரு வேலைவாய்ப்பாக மாறும் இடத்தில், மதக் கட்டத்தில் புதிய சொல்லை எழுதத் தந்தையும் தாயும் தயங்கத்தான் செய்வார்கள். "அய்யாவழி" என்று எழுதினால் நாளை மகளின் "இந்து நாடார்" சான்றிதழ் என்னாகும் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கணக்கெடுப்பில் தனிநபர் தரும் விவரம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரகசியமானது. அதைக் கொண்டு எவருடைய சான்றிதழையும் மாற்ற முடியாது. திருமணச் சட்டத்திலும் மாற்றம் வராது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத அனைவருக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் கடமை கணக்கெடுப்புத் துறைக்கு உண்டு. சமூகத்தின் தலைவர்களுக்கும் உண்டு. இரு தரப்பும் அதைப் போதிய அளவில் செய்ததாகத் தெரியவில்லை.

தலைவர்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முத்திரிக் கிணற்றை எல்லாச் சாதிக்கும் பொதுவாக்கிய வழியில், இன்று பெரும்பாலும் ஒரே சாதியினரே இருக்கிறார்கள். பதியின் உரிமை யாருக்கு, நிர்வாகம் யார் கையில் என்ற சச்சரவுகள் குடும்பத் தகராறுகளாகவும் வழக்குகளாகவும் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. வெளியிலிருந்து ஒதுக்கப்பட்ட சமூகம் உள்ளிருந்தும் தன்னைச் சுருக்கிக்கொண்டது. தனிச் சமயம் என்ற கோரிக்கை ஒரு சாதியின் கோரிக்கையாகத் தோன்றும் வரை தில்லியில் அதற்குச் செவி கிடைப்பது கடினம்.

எல்லையின் இரு பக்கமும்

மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தோவாளை முதல் விளவங்கோடு வரையிலான தாலுகாக்களோடு நெய்யாற்றின்கரையின் தென்பகுதியையும் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழர்கள் உயிரிழந்தனர். தங்கள் கட்சி ஆட்சியே அதைச் செய்ததைக் கண்டு ராம் மனோகர் லோகியா முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையைப் பதவி விலகச் சொன்னார். 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. நேசமணியின் போராட்டத்தைத் தமிழகம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது; எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட நிழல் தாங்கல்களை நினைப்பாரில்லை. அருவிப்புறத்தில் 1888-இல் ஸ்ரீ நாராயண குரு செய்த பிரதிஷ்டை கேரள மறுமலர்ச்சியின் தொடக்கமாகப் பாடநூல்களில் இருக்கிறது. அதே நெய்யாற்று வட்டாரத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே வந்து சேர்ந்த குரலுக்குக் கேரளத்தின் பொது நினைவில் அந்த அளவு இடம் இல்லை. அந்தக் குரல் தமிழில் பேசியது ஒரு காரணமாக இருக்கலாம்.

2011 படிவத்தில் மதம் பற்றியது ஏழாவது கேள்வி. ஆறு மதங்களுக்கு எண். மற்ற எதுவானாலும் பெயரை முழுதாக எழுத வேண்டும். சொல்பவர் சொன்னபடியே பதிய வேண்டும், வாதம் செய்யக் கூடாது என்பதே கணக்கெடுப்பாளருக்கான நெறி. நடைமுறையில், பெயரையும் ஊரையும் கேட்டவுடனே "1" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதுதான் பல வீடுகளில் நடந்தது. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. இம்முறை கைப்பேசிச் செயலி வழியே பதிவு செய்யப்படுகிறது. குடும்பத்தினர் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. "1"-ஐத் தொடுவது இன்னும் எளிதாகிவிடும். பெயரை எழுத்து எழுத்தாகப் பதிய மெனக்கெட வேண்டும்.

மக்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரிக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. பாறசாலையில் படிவம் மலையாளத்திலும் களியக்காவிளையில் தமிழிலும் படிக்கப்படும். இரு பக்கமும் பெண் கொடுத்து பெண் எடுத்த குடும்பங்கள். அக்காள் வீட்டில் அய்யாவழி என்றும் தங்கை வீட்டில் இந்து என்றும் பதிவானால், அது அவர்கள் சொன்னதாக இருக்குமா, எழுதியவர் முடிவு செய்ததாக இருக்குமா என்பதை அந்தப் பிப்ரவரிக்கு முன் கணக்கெடுப்பாளர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்புகள்தான் பெரிதும் தீர்மானிக்கும். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் இந்த ஒரு விஷயத்துக்காக உள்துறை அமைச்சகத்துக்குச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினாலே போதும். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.